இரு கரைகளுக்கு நடுவே ஒரு குடியுரிமை

நம் சங்கத்தின் ஆண்டுவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது பெரிதும் தயங்கினேன். பள்ளியிறுதித் தேர்வோடு கல்வியை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் ஓர் எழுத்தன் யான். வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். ஆயினும் ஒரு சீட்டில் எழுதப்பட்ட தேதியும் ஊரும் ஒரு மனிதனின் வாழ்வை எவ்வாறு மாற்றவல்லன என்பதை அலுவலகத்திலும் கண்டிருக்கிறேன். எங்கள் வீட்டிலும் கண்டிருக்கிறேன். அத்துணிவால் இதனை எழுதலுற்றேன். பிழையிருப்பின் அன்பர்கள் பொறுத்தருள்க.

கொண்டாப்பூரில் நம் குடியிருப்பின் பூங்காவில் மாலை வேளைகளில் பெரியோர் கூடும்போது, பேச்சு எங்குத் தொடங்கினும் இறுதியில் அமெரிக்காவில் வந்து நிற்பதை யாவரும் அறிவர். மகனுக்குக் கிரீன் கார்டு வந்ததா, மருமகளின் விசா நீட்டிக்கப்பட்டதா என்பனவே நாளும் எழும் வினாக்கள். அண்மையில் நண்பர் ஒருவர் புதியதொரு செய்தி கொணர்ந்தார். அமெரிக்காவில் நிரந்தர வாழ்வுரிமைக்கு விண்ணப்பித்துப் பல்லாண்டுகள் காத்திருந்த அவர்தம் மகன், கனடாவுக்குக் குடிபெயர்ந்து அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றுவிட்டாராம். ஆனால் அமெரிக்க விண்ணப்பம் இன்னும் வரிசையில் நிற்கிறது. “இனி அவன் கனடாக்காரன்தானே? வரிசை சுருங்கிவிடுமன்றோ?” என்று நண்பர் வினவினார்.

சுருங்காது என்பதே விடை. அமெரிக்கச் சட்டப்படி வேலைவாய்ப்பின்வழி ஓராண்டில் வழங்கப்படும் நிரந்தர வாழ்வுரிமை ஏறத்தாழ 1,40,000 பேர்க்கே உரியது. அதில் எந்த ஒரு நாட்டினரும் பொதுவாக நூற்றுக்கு 7 பங்குக்கு மேல் பெறுதல் இயலாது. அந்நாடு எது என்பது இன்றைய குடியுரிமையைக் கொண்டு கணிக்கப்படுவதன்று. பிறந்த மண்ணைக் கொண்டே கணிக்கப்படுகிறது. கும்பகோணத்தில் பிறந்தவர் கனடாவின் குடிமகனாகிய பின்னரும், அவ்வரிசையில் இந்தியரே ஆவர். இஃது ஒருபுறமிருக்க, வேறொரு நாட்டின் குடியுரிமையைத் தாமே விரும்பி ஏற்றவர் இந்தியக் குடிமகனாக நீடிக்கவும் நம் அரசியல் சட்டம் இடந்தருவதில்லை.

குடியுரிமை ஒரு நாட்டினது. வாழும் இடமோ வாழ விரும்பும் இடமோ வேறொரு நாட்டினது. இரண்டுக்கும் நடுவே முடிவில்லாக் காத்திருப்பு. இந்நிலை நம் பிள்ளைகளுக்குப் புதிதாக இருக்கலாம், தமிழினத்துக்குப் புதிதன்று. கடலுக்கப்பால் இலங்கையின் மலைநாட்டில், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம் மக்கள் இலட்சக்கணக்கானோர் இதே நிலையில் ஒரு தலைமுறைக் காலம் நின்றனர். அவ்வரலாற்றையே ஈண்டுச் சொல்லப் புகுகின்றேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இலங்கை மலைகளில் காப்பி பயிரிட்டனர். காப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலை பயிரிட்டனர். காடு வெட்டவும், கொழுந்து பறிக்கவும், பாதை அமைக்கவும் தமிழகத்தின் திருச்சி, சேலம், மதுரை முதலிய மாவட்டங்களினின்றும் ஏழை உழவர்களைக் கங்காணிமார் அழைத்துச் சென்றனர். 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையினின்றும் புறப்படும் ‘போட் மெயில்’ தனுஷ்கோடி வரை சென்றது. அங்குக் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினால், அக்கரையில் மற்றோர் இரயில் காத்து நிற்கும். கடல் நடுவிலிருந்ததே யன்றி, போவார்க்கும் வருவார்க்கும் அஃது ஒரே நெடும்பாதையாகவே இருந்தது. ஆகவே, ‘நாம் எந்நாட்டினர்?’ என்ற வினா அவர்கள் உள்ளத்தில் எழவில்லை.

அவ்வினாவை எழுப்பியது சட்டம். 1948 பிப்ரவரி 4ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. இலங்கையில் பிறந்தோர் வமிசாவழிக் குடியுரிமை பெறவேண்டுமாயின் தம் தந்தையும் அங்கே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தோர் என்றோ மெய்ப்பிக்க வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் மடிந்த தொழிலாளியிடம் பாட்டனின் பிறப்புச் சான்று எங்ஙனம் இருக்கும்? 1949இல் இந்திய, பாகிஸ்தானியருக்கெனத் தனிச் சட்டம் ஒன்று வந்தது. மணமானோர் 7 ஆண்டும், மணமாகாதோர் 10 ஆண்டும் தொடர்ந்து வாழ்ந்தமைக்குச் சான்று காட்டினால் பதிவு பெறலாம் என்றது. ஏறத்தாழ எட்டேகால் இலட்சம் மக்கள் இச்சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தனர். குடியுரிமை பெற்றோரோ ஏறத்தாழ 1,34,000 பேரே. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்து இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், சில ஆண்டுகளுக்குள் வாக்குரிமையும் இழந்து, நாடற்றோர் எனப் பெயர் பெற்றனர்.

பின்னர் 1964 அக்டோபர் 30ஆம் நாள், இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்ளலாம். பதினைந்து ஆண்டுகளில் யாவும் நிறைவேற வேண்டும். 1974இல் அவ்வெஞ்சியோரையும் இரு நாடுகளும் 75,000 வீதம் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. பகிரப்பட்ட மக்களின் விருப்பத்தை முன்கூட்டிக் கேட்டார் எவருமிலர்.

உடன்பாடு கையெழுத்தாகி இரண்டு திங்கள் நிறைவதற்குள், டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயிலையே கடல் விழுங்கிற்று. தாயகம் திரும்புவோர்க்கென வகுத்த பாதையின் வாயிலே இடிந்து போயிற்று. அதன்பின் இராமேசுவரமே துறைமுகமாயிற்று.

இனி, என் கட்டுரையின் உயிர்நிலைக்கு வருகிறேன். இந்தியக் குடியுரிமை கோரி விண்ணப்பித்தவர்க்குக் கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் பதிவு செய்து பாஸ்போர்ட்டு வழங்கிற்று. அந்நாள் முதல் அவர் இந்தியக் குடிமகன். ஆனால் அவர் நிற்பதோ இலங்கைத் தோட்டத்தில். அங்கு அவர் அயல்நாட்டார், விசாவின்பேரில் தங்குபவர். உடன்பாட்டின்படி, முறை வரும்வரை அல்லது 55 வயது நிறையும்வரை, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை வேலையில் நீடிக்கலாம். முறை வந்ததும் கப்பலேற வேண்டும். நேற்றுவரை எந்நாட்டினரும் அல்லாதிருந்தவர், இன்று ஒரு நாட்டின் குடிமகனாகிய காரணத்தாலேயே, பிறந்த ஊரில் விருந்தாளியாகி நின்றார்.

என் தாயாரின் குடும்பம் ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தைச் சேர்ந்தது. 1973ஆம் ஆண்டு என் பாட்டனார் மனைவியோடும், மணமாகாத மக்களோடும் தலைமன்னாரில் ‘இராமானுஜம்’ கப்பலேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் சில நாள் தங்கினார். கோத்தகிரியில் தேயிலைத் தோட்ட வேலை கிடைத்தது. தாயகம் திரும்பியோர்க்கென்றே தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம் அது. 1976இல் கழகமாக மாறிற்று. ‘ரெப்கோ’ வங்கியும் 1969இல் இவர்கள் பொருட்டே தோன்றியது. இவ்வுதவிகளை நன்றியோடு குறிப்பிடல் வேண்டும். யான் கோத்தகிரியில் பிறந்து, படித்து, இரயில்வேயில் வேலை பெற்றுச் செகந்தராபாத்து வந்து சேர்ந்தது இவ்வழியே.

என் பெரியம்மாள் வரவில்லை. அவர் மணமானவர், கணவர் வீட்டாரோடு தனியே பதிவு பெற்றிருந்தார். அவர்களுக்கும் இந்தியக் குடியுரிமை கிடைத்திருந்தது. ஆயினும் கணவரின் சேமலாப நிதிப் பணம் கைக்கு வரத் தாமதமாயிற்று. வெறுங்கையோடு வந்து இங்கு என்ன செய்வது என்று, ‘அடுத்த ஆண்டு, அடுத்த ஆண்டு’ எனக் காலம் தாழ்த்தினர். 1983 சூலையில் இலங்கையில் பெருங்கலவரம் மூண்டது. 1984இல் இராமேசுவரம் – தலைமன்னார்க் கப்பல் நின்றது. கையில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு அக்கரையிலேயே தங்கிவிட்ட ஏறத்தாழ 84,000 பேருள் என் பெரியம்மாளும் ஒருவரானார்.

அதன்பின் நிகழ்ந்ததே வரலாற்றின் விந்தை. இந்தியா தான் ஏற்க ஒப்பிய ஆறு இலட்சத்துக்கு, 5,06,000 பேரே விண்ணப்பித்திருந்தனர். எஞ்சிய 94,000 பேரைத் தானே ஏற்பதாக 1986இல் இலங்கை அரசு இசைந்தது. 1988இல் மற்றுமொரு சட்டத்தால், இந்தியாவுக்கு விண்ணப்பிக்காமல் நாடற்றோராய் இருந்தவர் யாவரும் இலங்கைக் குடிமக்களாயினர். ஆனால் அச்சட்டம் இந்தியக் குடியுரிமை பெற்றோரைத் தீண்டவில்லை. நாடில்லாதவர்க்கு நாடு கிடைத்தது. நாடு பெற்றவர்க்கு வாழும் இடம் உறுதிப்படவில்லை. பக்கத்து லயத்தார் வாக்களிக்கச் சென்றபோது பெரியம்மாள் வாயிலில் அமர்ந்து பார்த்திருந்தார். அவர் பாஸ்போர்ட்டு காலாவதியாயிற்று. பிள்ளைகளுக்கு அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க இயலவில்லை. “நான் இந்தியாக்காரி; ஆனால் இந்தியாவை ஒருநாளும் கண்டதில்லை” என்று அவர் எழுதிய கடிதம் இன்றும் என் தாயாரின் பெட்டியில் உள்ளது.

2003ஆம் ஆண்டில்தான் விடிவு பிறந்தது. அவ்வாண்டு இலங்கைப் பாராளுமன்றம் இயற்றிய 35ஆம் எண் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் அந்நாட்டில் நிலையாக வாழ்ந்துவரும் இந்திய வமிசாவழியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கிற்று. இந்தியப் பாஸ்போர்ட்டு வைத்திருந்தவரும், தம் விருப்பத்தைத் தெரிவித்து உறுதிமொழிப் பத்திரத்தில் கையொப்பமிட்டால் போதும். ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையமும் துணைநிற்க, அவ்வாண்டு டிசம்பரில் பத்து நாள்களுக்குச் சற்று மிகுந்த காலத்தில் ஏறத்தாழ 1,90,000 பேர் குடியுரிமை பெற்றனர். பெரியம்மாளும் பெற்றார். இரண்டு குடியுரிமைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்ற அவர், ஒருபோதும் தாம் பிறந்த மலையை விட்டு அகன்றதேயில்லை.

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கது யாது? பிறந்த மண், குடியுரிமை, வாழும் உரிமை ஆகிய மூன்றும் ஒன்றெனவே நாம் எண்ணுகிறோம். சட்டம் அவற்றைத் தனித்தனியே பார்க்கிறது. ஒன்று கிட்டினால் மற்றவை தாமே வரும் என்று நம்புதல் கூடாது. ஒன்று கிட்டியதாலேயே மற்றொன்று நழுவவும் கூடும். கனடாக் குடியுரிமை பெற்ற நண்பர் மகனுக்கும், இந்தியப் பாஸ்போர்ட்டு பெற்ற என் பெரியம்மாளுக்கும் கல்வியிலும் செல்வத்திலும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேற்றுமை உண்டு. அவர் விரும்பித் தேர்ந்தார். இவர்க்காகப் பிறர் தேர்ந்தனர். ஆயினும் இருவரும் கற்ற பாடம் ஒன்றே.

வெளிநாட்டில் குடியுரிமை பெற்ற நம் பிள்ளைகளுக்கு இன்று ஓர் ஆறுதல் உண்டு. கடல் கடந்த இந்தியர் என்னும் அட்டைத் திட்டம் 2006 சனவரியில் நம் ஐதராபாத்து நகரில் நடந்த வெளிநாட்டிந்தியர் மாநாட்டிலேயே தொடங்கப்பட்டது. அது வாக்குரிமை தருவதன்று, குடியுரிமையும் அன்று. ஆனால் வீடு திரும்பி வந்து தங்கும் வழியை அடைக்காதிருக்கிறது. என் பெரியம்மாள் காலத்தில் அத்தகைய கதவு ஏதும் இருந்ததில்லை.

நம் குடியிருப்பின் தாய்மார்க்கும் தந்தையர்க்கும் எளியேன் கூறிக்கொள்வது ஒன்றுண்டு. பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட்டு ஆகியவற்றைக் காகிதமென எண்ணி எறிந்துவிடாதீர். பாட்டன் பிறந்த ஊரையும் ஆண்டையும் பேரப்பிள்ளைக்கு எழுதி வையுங்கள். ஒரு நாள் ஏதேனும் ஓர் அலுவலகத்தின் சாளரத்தில் அக்கேள்வி எழும். விடையின்றி நின்ற இலட்சக்கணக்கானோர் நம் உறவினரே. காத்திருக்கும் பிள்ளைகளை ‘இன்னும் வரவில்லையா?’ என்று நாளும் வினவி வருத்தாமலும் இருப்போமாக. காத்திருத்தலின் பாரத்தை என் தாயார் நன்கறிவார். 2005இல் தம் தமக்கையாரை முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் விமான நிலையத்து வாயிலில் அவர் கண்டார். பெரியம்மாள் வந்தது இலங்கைப் பாஸ்போர்ட்டில். அயல்நாட்டார் வரிசையில் நின்று, சுற்றுலா விசாவோடு, தம் தந்தையின் ஊரை முதன்முறையாகக் காண வந்தார்.

வாழ்க நம் சங்கம்! வளர்க தமிழ்!