கந்தோர் வந்த வழி

யாழ்ப்பாணத்து நல்லூர்ப் பக்கத்தில் தபாலகத்தைத் தபாற்கந்தோர் என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்தக் கந்தோர் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். ஆனால் அது அவர்களுக்கும் இரவல்தான். எண்ணிக் கணக்கிடுவதைக் குறித்த இலத்தீன் வினையொன்றிலிருந்து பிரெஞ்சில் ‘கொந்துவார்’ பிறந்தது; பணம் எண்ணும் மேசைக்கு அதுவே பெயர். மேசையின் பெயர் அறைக்கும், பின்னர் கட்டடத்துக்கும் ஆனது. அதைக் ‘கன்தோர்’ என்று வாங்கிக்கொண்ட ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி, ஆசியாவில் தான் நிறுவிய வணிக நிலையங்களையும் அப்பெயராலேயே அழைத்தது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தவர்கள் இந்தக் கம்பனியார்தான்.

ஆங்கிலேயர் வழியாக வந்திருக்கக்கூடாதா என்று கேட்கலாம். ஆங்கிலத்தின் டகரத்தைத் தமிழர் காது ‘ட்’ என்றே வாங்கும். இதே வேரில் கிளைத்த ஆங்கிலச் சொல் நம்மிடம் கவுண்டர் ஆனது, கந்தோர் ஆகவில்லை. ஒல்லாந்தச் சொற்களிலோ ‘த்’ நிற்கிறது: நொத்தாரிசும் வங்குரோத்தும் அப்படி வந்தவை. போர்த்துக்கேயருக்கும் தகரம் உண்டே என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஆனால் அவர்களுடைய ‘கொந்தாதோர்’ கணக்கரைக் குறிப்பது. அலுவலகத்துக்கு அவர்கள் வைத்திருந்த சொல் முற்றிலும் வேறு. சிங்களத்தின் ‘கந்தோருவ’ வழியாக வந்தது என்பாரும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தரே 137 ஆண்டுகள் நேரில் ஆண்டிருக்க, இடையில் இன்னொரு மொழி எதற்கு?

பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் ஒல்லாந்தர் நெடுங்காலம் இருந்தும் இச்சொல் தமிழகப் பேச்சில் வேரூன்றவில்லை. அதற்கான காரணம் ஆட்சிமுறையில் இருக்கிறது என்பேன். அங்கே அவர்கள் பெரும்பாலும் கரையோர வணிகர். இங்கே தோம்பு என்ற பதிவேட்டில் காணி பதிந்து, 1707இல் தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டத்தைத் தொகுத்து, குடிமக்களின் சொத்திலும் வழக்கிலும் கைவைத்த ஆட்சியாளர். உறுதி, வரி, வழக்கு என்று எதற்கும் கந்தோர் வாசலை மிதிக்கவேண்டியிருந்தது. உள்ளே வேலை பார்த்தவர்களிலும் நம்மவர் இருந்தார்கள். போர்த்துக்கேயர் 1621இல் இடித்த நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை ஒல்லாந்தர் காலத்தில் மீண்டும் எழுப்பிய இரகுநாத மாப்பாண முதலியார், அவர்களிடம் சிறாப்பராக இருந்தவர் என்கிறது கோயில் வரலாறு. சிறாப்பர் என்றால் காசை எண்ணிப் பொறுப்பேற்பவர். அந்த மேசையின் பழைய வேலையே அவருடைய உத்தியோகமாக இருந்திருக்கிறது.

இன்று பெயர்ப்பலகைகளில் அலுவலகமும் செயலகமும் ஏறிவிட்டன. அதில் குறையில்லை. ஈழத்து வழக்குச் சொற்களுக்கு அகராதி செய்பவர்கள் மட்டும் கந்தோரைத் ‘திசைச்சொல்’ என்ற ஒற்றைக் குறிப்போடு விட்டுவிடாமல், இலத்தீன், பிரெஞ்சு, ஒல்லாந்தம் என்று அது வந்த வழி முழுவதையும் பதிந்துவைக்க வேண்டும்.