மாற்றல் உத்தரவை மறுத்த மனிதர்

போன மாதம் மறுபடியும் ஆர்டர் வந்துவிட்டது. சேலம், ராய்ப்பூர், இப்போது நாக்பூர், அடுத்து குவாஹாத்தி. பத்து நாளில் ரிலீவ் ஆக வேண்டும். வங்கி அதிகாரி வேலையில் இது ஒன்றும் புதிதில்லை. சேரும்போதே "இந்தியாவில் எங்கு போட்டாலும் போகிறேன்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன்தான் நான். இதைப் படிக்கும் உங்களில் பலரும் அப்படித்தான், வேலை வேறாக இருக்கலாம்.

அன்று இரவு வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். பெண் பதினொன்றாம் வகுப்பு. தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள். "உங்களைக் கேட்டாங்களாப்பா?"

"இதுல கேட்க என்னம்மா இருக்கு? ஆர்டர் வந்தா போக வேண்டியதுதான்."

அவள் எழுந்து போய்விட்டாள். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவிலிருந்து மைத்துனன் பேசினான். செயின்ட் லூயிஸ் நகரத்தில் இருக்கிறான். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "அத்தான், எங்க ஊர்ல ஒரு ஆட்டக்காரர் இருந்தார். டிரான்ஸ்பர் ஆர்டரை வாங்க மாட்டேன்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனவர். கர்ட் ஃபிளட்னு பேரு. படிச்சுப் பாருங்க" என்றான். படித்தேன். மூன்று இரவு தூக்கம் போனது. பேஸ்பால் எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. ஆனால் இது பேஸ்பால் கதை மட்டும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கர்ட் ஃபிளட் 1938-ல் ஹூஸ்டனில் பிறந்து கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் வளர்ந்த கறுப்பின இளைஞர். 1956-ல் சின்சினாட்டி ரெட்ஸ் அணி 4,000 டாலருக்கு ஒப்பந்தம் போட்டு, தெற்கு மாநிலங்களில் இருந்த கீழ்மட்ட அணிகளுக்கு அனுப்பியது. அங்கே நிறவெறி உச்சத்தில் இருந்த காலம். சொந்த அணியின் வெள்ளைக்கார ஆட்டக்காரர்களோடு ஒரே உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, ஒரே ஓட்டலில் தங்க முடியாது. 1957 டிசம்பரில் அவரைச் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு மாற்றினார்கள். அப்போது வயது 19.

அங்கே 12 பருவங்கள் ஆடினார். அவர் இடம் சென்டர் ஃபீல்டு. நம் கிரிக்கெட் கணக்கில் சொன்னால், எல்லைக்கோட்டுப் பக்கம் பரந்த இடத்தைக் காவல் காக்கிறவர். மட்டையாளர் உயரத் தூக்கி அடித்த பந்து எங்கே விழும் என்று கணித்து ஓடிப் பிடிப்பதுதான் வேலை. 1963 முதல் 1969 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள், சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்ட் க்ளவ் விருது இவருக்கே. 1966 பருவம் முழுக்க ஒரு தவறுகூட இல்லை. 1965 முதல் 1967 வரை 226 ஆட்டங்கள் தொடர்ச்சியாகத் தவறே செய்யாமல் ஆடினார். 1964, 1967 ஆண்டுகளில் வேர்ல்டு சீரிஸ் கோப்பையை வென்ற அணியில் இருந்தார்.

1968-ல் டெட்ராய்ட் அணிக்கு எதிரான வேர்ல்டு சீரிஸ். ஏழாவது, கடைசி ஆட்டம். ஜிம் நார்த்ரப் அடித்த பந்தை ஃபிளட் தவறாகக் கணித்து முன்னால் ஓடிவிட்டார். திரும்புவதற்குள் பந்து தலைக்கு மேல் போய்விட்டது. கோப்பையும் போனது. 226 ஆட்டங்களை மறந்தவர்கள் அந்த ஒரு பந்தை மறக்கவில்லை. (வங்கியில் இருபது வருடம் கணக்கு நேராக இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு நாள் கேஷ் உதைத்தால் போதும்!)

1969 அக்டோபர். அணி நிர்வாகம் அவரையும் இன்னும் மூன்று பேரையும் ஃபிலடெல்ஃபியா அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு டிக் ஆலன் உட்பட மூவரை வாங்கிக்கொண்டது. 12 வருடம் உழைத்தவருக்கு இதைச் சொல்லப் பொது மேலாளர்கூடப் பேசவில்லை. அலுவலகத்திலிருந்து அடுத்தகட்ட ஊழியர் ஒருவரின் தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான். அப்போது அவர் வயது 31, ஆண்டுச் சம்பளம் 90,000 டாலர். அந்தக் காலத்துக்கு மிகப் பெரிய தொகை.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இவ்வளவு சம்பளம் வாங்குகிறவர் ஊர் மாறினால் என்ன குறைந்துவிடும்?" என்று முதலில் எனக்கும் தோன்றியது. பிறகுதான் அந்த ஒப்பந்தத்தில் இருந்த 'ரிசர்வ்' விதி புரிந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும், ஆட்டக்காரர் சம்மதிக்காவிட்டாலும், அணி அதை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கலாம். அந்த நீட்டிப்பிலும் இதே விதி இருப்பதால் மறுபடியும் நீட்டிக்கலாம், இப்படியே ஆயுளுக்கும் என்பது முதலாளிகளின் வாதம். வேறெந்த அணியும் அவரைச் சேர்த்துக்கொள்ளாது.

எனக்கும் அவருக்கும் வித்தியாசம் இதுதான். குவாஹாத்தி பிடிக்கவில்லையென்றால் நான் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு எதிர்த் தெருவில் இருக்கும் இன்னொரு வங்கியில் வேலை கேட்கலாம். கிடைக்கிறதோ இல்லையோ, கேட்கலாம். ஃபிளட்டுக்கு எதிர்த் தெருவே கிடையாது. சொன்ன இடத்துக்குப் போ, இல்லையென்றால் ஆட்டத்தையே விடு.

பி.காம். படித்தவன் என்பதால் இன்னொன்றும் உறுத்தியது. அணி முதலாளிகள் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களைச் சொத்துக் கணக்கில் காட்டி, தேய்மானம் கழித்து வரிச் சலுகை பெற்று வந்தார்கள். பில் வீக் என்ற அணி முதலாளி கண்டுபிடித்த வழி இது. மேஜை, நாற்காலி, ஆட்டக்காரர்!

ஃபிளட் ஆட்டக்காரர் சங்கத் தலைவர் மார்வின் மில்லரிடம் போனார். எஃகுத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்த அனுபவசாலி அவர். ஒளிக்காமல் சொன்னார். ஜெயிக்க வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை, ஆட்ட வாழ்க்கை முடிந்துவிடும், பின்னால் பயிற்சியாளர் வேலைகூட எவரும் தர மாட்டார்கள். ஃபிளட் கேட்டது ஒன்றுதான். மற்ற ஆட்டக்காரர்களுக்கு இதனால் நன்மை உண்டா? உண்டு என்றார் மில்லர். அப்படியானால் சரி என்றார் ஃபிளட்.

1969 டிசம்பர் 24 அன்று பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்கு ஒரு கடிதம் எழுதினார். என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் நான் ஒரு சொத்து இல்லை என்பதுதான் அதன் சாரம். ஆணையர் மறுத்தார். 1970 ஜனவரியில் வழக்கு போட்டார். ஃபிலடெல்ஃபியா தரத் தயாராக இருந்த சம்பளம் பழையதைவிட அதிகம். அதை விட்டுவிட்டு அந்தப் பருவம் முழுவதும் ஆடாமல் இருந்தார்.

விசாரணை நியூயார்க்கில் நடந்தது. 1947-ல் நிறத்தடையை உடைத்து உள்ளே வந்த ஜாக்கி ராபின்சன் வந்து சாட்சி சொன்னார். தேய்மானக் கணக்குக்கு வழி சொன்ன அதே பில் வீக்கும் ஃபிளட் பக்கம் நின்று சாட்சி சொன்னார். ஆனால் அப்போது ஆடிக்கொண்டிருந்த ஆட்டக்காரர் ஒருவர்கூட நீதிமன்றத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் குடும்பம் இருக்கிறது, வேலை பயம் இருக்கிறது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

1972 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்ற கணக்கில் ஃபிளட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. காரணம் வேடிக்கையானது. பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் அல்ல, எனவே ஏகபோகத் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று 1922-ல் ஒரு தீர்ப்பு. 1972-ல் நீதிபதிகளே அது வணிகம்தான் என்று ஒப்புக்கொண்டார்கள், இந்த விலக்கு முறையற்றது என்றும் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் மாற்றுவதென்றால் நாடாளுமன்றம் மாற்றட்டும் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். கணக்குத் தப்பு, ஆனால் பழைய லெட்ஜரில் இப்படித்தான் இருக்கிறது என்று சொல்வது போல!

அதற்கு முன்பே அவர் ஆட்டம் முடிந்திருந்தது. 1971-ல் வாஷிங்டன் அணிக்காக 13 ஆட்டங்கள் ஆடிப் பார்த்தார். கை கால் பழையபடி ஒத்துழைக்கவில்லை. ஏப்ரலில் விலகி, ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்குப் போய்விட்டார். குடி, கடன், தனிமை என்று பல வருடங்கள் கழிந்தன.

ஆனால் அவர் தட்டிய கதவு அசையத் தொடங்கியிருந்தது. 1973-ல் புதிய விதி வந்தது. 10 வருடம் ஆடி, கடைசி 5 வருடம் ஒரே அணியில் இருந்தவரை அவர் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது. அதே ஆண்டு டிசம்பரில் சிகாகோ கப்ஸ் அணியின் ரான் சாண்டோ, கலிஃபோர்னியாவுக்கு மாற்றியபோது "மாட்டேன்" என்றார். அவ்வளவுதான், மாற்றல் ரத்து! 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர், ஒப்பந்த நீட்டிப்பு ஒரே ஒரு வருடம்தான் என்று தீர்ப்பு சொல்ல, ரிசர்வ் விதியின் பிடி விட்டது. இன்று கோடிகளில் புரளும் ஆட்டக்காரர்களின் சுதந்திரம் அங்கிருந்து தொடங்குகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1969-ல் ஃபிளட்டுக்கு ஒரே அணியில் 12 வருட சேவை. நான்கு வருடம் கழித்து வந்த விதி அன்றைக்கே இருந்திருந்தால், ஒரு வார்த்தை போதும். வழக்கு வேண்டாம், மயோர்க்கா வேண்டாம். அந்த ஒரு வார்த்தையை மற்றவர்களுக்கு வாங்கிக் கொடுக்க அவர் கொடுத்த விலை, தன் மீதி ஆட்டம் முழுவதும்.

1997 ஜனவரி 20 அன்று தொண்டைப் புற்றுநோயால் காலமானார். வயது 59. மறு ஆண்டு, அவர் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்கும் ஏகபோகத் தடைச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றது அது.

நிற்க. இந்தக் கதையைப் பெண்ணிடம் சொன்னேன். முழுவதும் கேட்டாள். நான் ஏதோ சாதித்துவிட்டது போல உட்கார்ந்திருந்தேன்.

"சரிப்பா. பேங்க் உங்களைக் கேட்கலை. நீங்க எங்களைக் கேட்டீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. மூன்று முறை வீடு மாற்றியிருக்கிறோம். மூன்று முறையும் சாப்பாட்டு நேரத்தில் நான்தான் அறிவித்தேன். அந்தத் தொலைபேசியில் பேசிய அலுவலக ஊழியர் மாதிரி. இவள் இந்தி, மராத்தி என்று ஒவ்வொரு ஊரிலும் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போய்த் திரும்ப ஏறி வந்திருக்கிறாள். என் மனைவி ராய்ப்பூரில் பார்த்துக்கொண்டிருந்த பள்ளி வேலையை விட்டுவிட்டு வந்தாள். அவர்களுக்கும் எதிர்த் தெரு கிடையாது.

அன்றைக்குத்தான் முதல் முறையாக மூவரும் உட்கார்ந்து பேசினோம். நான் மட்டும் குவாஹாத்தி போவதாக முடிவாகியிருக்கிறது. பெண் பன்னிரண்டாம் வகுப்பை நாக்பூரிலேயே முடிப்பாள். இரண்டு வாடகை, இரண்டு சமையல், செலவு கையைக் கடிக்கும். பரவாயில்லை.

அடுத்த வாரம் ரயில். குவாஹாத்தியில் இருக்கும் நம்மவர்கள் யாராவது, நல்ல இட்லி அரிசி எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள். தனியாகத்தான் சமைக்க வேண்டும்.