ஒளி அணைந்த பின்னும்

அருப்புக்கோட்டைக் கடைத்தெருவிலும் திருச்சுழிச் சாலையோரத்திலும் ‘ரேடியம் ஸ்டிக்கர்’ என்று எழுதிய பலகைகளை நாம் காண்கிறோம். மிதிவண்டியின் மட்கார்டில் ஒட்டிய சிவப்புத் துண்டு இரவில் பளிச்சிட்டால், அதற்கு நம் மக்கள் இட்டுள்ள பெயர் ரேடியம். அதில் அந்த உலோகம் ஒரு துளியும் இல்லை. எதிரே வரும் விளக்கொளியை அது திருப்பி அனுப்புகிறது, அவ்வளவே. எனவே அதை ஒட்டியவர் எவரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் உண்மையான ரேடியம் மனிதர் கையில் பட்ட வரலாறு ஒன்று உண்டு. தீப்பெட்டித் தொழிலால் பிழைத்த நம் வட்டாரம் அதனைத் தன் கதையாகவே உணரக்கூடும்.

மேரி கியூரியும் அவர் கணவர் பியேரும் 1898-இல் ரேடியத்தைக் கண்டறிந்தனர். துத்தநாக சல்பைடுடன் ரேடியத்தைக் கலந்தால் இருளில் தானே ஒளிரும் பூச்சு கிடைத்தது. முதல் உலகப் போரில் வீரர்களின் கைக்கடிகாரங்களுக்கு இது தேவைப்பட்டது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்து ஆரஞ்சு நகரில் 1917-இல் இதற்கென ஆலை எழுந்தது. வேலைக்கு வந்தோர் பெரும்பாலும் இளம்பெண்கள்; சிலர் சிறுமியரே. எத்தனை எண்முகப்புகள் தீட்டினார்களோ அத்தனைக்குக் கூலி. நுண்ணிய எண்களை எழுதத் தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி கற்பிக்கப்பட்டனர். தீங்கொன்றுமில்லை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அதே நிறுவனத்தின் வேதியியலாரோ ஈயத் தடுப்புகளுக்குப் பின்னிருந்து ரேடியத்தைக் கையாண்டனர்!

ரேடியம் சுண்ணாம்புச்சத்தைப் போன்றது. உடல் இரண்டையும் பிரித்தறியாமல் எலும்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. வெளியே ஒரு தாளைக்கூடத் துளைக்க இயலாத ஆல்ஃபா துகள்கள், எலும்புக்குள் அமர்ந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் அதனை அரிக்கின்றன. முதலில் பல் விழுந்தது; பின்னர்த் தாடை அழுகியது. மருத்துவர்கள் சிலர் தீக்குச்சித் தொழிலாளரின் நோயோ என்று ஐயுற்றனர். வெண்பாஸ்பரஸ் தீக்குச்சி செய்தோரின் தாடை அவ்வாறே அழுகுவதை ஐரோப்பா முன்பே அறிந்திருந்தது. 1906-இல் பெர்ன் நகரில் நாடுகள் பல கூடி அதனைத் தடை செய்ய ஒப்பின. இந்தியாவிலும் 1913-இல் தடைச்சட்டம் வந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது 1923-இல்தான். விடியுமுன் வண்டியேறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் கட்டை அடுக்கிய நம் ஊர்ச் சிறுமியர் வேறு பல துன்பங்களை அனுபவித்தனர். தாடை நோய் மட்டும் அவர்களை அண்டவில்லை. எங்கோ இயற்றிய சட்டம், பத்தாண்டு முந்திக்கொண்டு அவர்களைக் காத்தது. ஆரஞ்சு நகரப் பெண்களுக்கு அப்படியொரு சட்டம் இருக்கவில்லை.

1922-இல் மாலி மாஜியா என்ற பெண் இறந்தபோது, இறப்புச் சான்றிதழில் பால்வினை நோய் என்று எழுதப்பட்டது. உயிரோடு மானமும் போயிற்று. 1927-இல் கல்லறையைத் திறந்து எலும்புகளைச் சோதித்தபோது அவற்றில் ரேடியமே இருந்தது. கிரேஸ் ஃபிரையரும் தோழியர் நால்வரும் தொடுத்த வழக்கு 1928-இல் சமரசத்தில் முடிந்தது. இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா நகரில் கேதரின் டோனஹ்யூ என்ற கத்தோலிக்கப் பெண், நடக்கவும் இயலாத நிலையில் சாட்சி சொல்லி 1938-இல் வென்றார்; அவ்வாண்டே மறைந்தார்.

பெண்களின் கதை இவ்வாறு முடிய, மண்ணின் கதை தொடர்ந்தது. தாதுவிலிருந்து ரேடியத்தைப் பிரித்தபின் எஞ்சியது கடற்கரை மணலைப் போன்ற கழிவு. அதனை எவரும் கழிவென்று கருதவில்லை. பள்ளம் நிரப்பினர், அதன்மேல் வீடு கட்டினர், குழந்தைகள் விளையாடும் மணல்தொட்டிகளுக்கும் அது போயிற்று. 1980-களின் தொடக்கத்தில்தான் மான்ட்கிளேர், கிளென் ரிட்ஜ், வெஸ்ட் ஆரஞ்சு ஆகிய ஊர்களில் வீடுகளுக்குள் ரேடான் வாயு தேங்கியிருப்பது தெரியவந்தது. ரேடியம் சிதைந்து பிறக்கும் இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தரைவிரிசல் வழியே ஏறி, சுவாசிப்போரின் நுரையீரலில் புற்றுநோயை விளைவிக்கும். தோண்டிய மண்ணைப் பீப்பாய்களில் அடைத்தனர். நெவாடா மாநிலம் அதனை ஏற்க மறுக்கவே, பீப்பாய்கள் வீட்டு முற்றங்களிலேயே கிடந்தன. ஒட்டாவாவிலும் இடித்த ஆலையின் இடிபாடுகள் ஊர் முழுதும் நிரவப்பட்டிருந்தன. அங்கும் பல இடங்களைத் தோண்ட வேண்டியதாயிற்று.

பூச்சின் ஒளி சில ஆண்டுகளில் மங்கிவிடும். துத்தநாக சல்பைடு தேய்ந்துபோவதே காரணம். ரேடியமோ பாதியாகக் குறைய 1600 ஆண்டுகள் ஆகும். புனித அகுஸ்தினார் வாழ்ந்த நாளில் ஒரு கிராமைப் புதைத்திருந்தால், இன்று அதில் அரைக் கிராம் அப்படியே இருக்கும்.

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்தி என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. 2010-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் நெடுநாள் பயனின்றிக் கிடந்த கருவி ஒன்று ஏலத்தில் போயிற்று. மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையில் அதனைப் பிரித்தபோது உள்ளிருந்த கோபால்ட்-60 வெளிப்பட்டது. பலர் நோயுற, ஒருவர் இறந்தார். விற்றவர்க்கும் அதன் ஆபத்து தெரியவில்லை, வாங்கியவர்க்கும் தெரியவில்லை.

இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்திற்குப் போய்த் திரும்பியோர் நம் வறண்ட ஊர்களிலும் உண்டு. அவர்கள் விட்டுச்சென்ற பெட்டியில் அக்காலக் கைக்கடிகாரமோ திசைகாட்டியோ இருந்து, அதன் எண்களில் பழுப்பேறிய தடித்த பூச்சு காணப்படுமாயின், அது ஒளிராவிடினும் கண்ணாடியைத் திறந்து சுரண்ட வேண்டாம். குழந்தைகளிடம் விளையாடக் கொடுக்க வேண்டாம். பழைய இரும்புக்குப் போடவும் வேண்டாம். இத்தகையவற்றைக் கண்காணிக்கும் பொறுப்பு மும்பையிலுள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தினுடையது.