எட்டாவது மாடி பால்கனியும் ஜாஸ் பாட்டின் 'பிரேக்'கும்: ஆல்பர்ட் மர்ரி

இன்னைக்கு எபிசோடை என் ஆபீஸ்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் டேட்டா டீம்ல இருக்கேன். போன வருஷம் எங்களுக்கு வந்த வேலை, சின்னக் கடன் கேட்கிறவர்களுக்கு பின்கோடு வாரியாக ரிஸ்க் ஸ்கோர் போடுவது. கோடு எழுதினேன், மேப் வந்தது. வடசென்னையில் நான் வளர்ந்த பின்கோடு அடர் சிவப்பு. க்வெரியை மூணு தடவை சரிபார்த்தேன். தப்பே இல்லை. ஆனால் அந்தச் சிவப்புக்குள்ள, விடிகாலை நாலு மணிக்கு இட்லிப் பானை ஏத்துற பக்கத்து வீட்டு அக்கா இல்லை. சீட்டுப் பணத்தை ஒரு மாசம்கூடத் தவறாமல் கட்டுற எங்க அம்மாவும் இல்லை.

அந்த நேரத்தில்தான் ஆல்பர்ட் மர்ரியைப் படிக்க ஆரம்பித்தேன். இதே கோபத்தை ஒரு மனுஷன் எனக்கு ஐம்பது வருஷம் முன்னாடியே பட்டிருக்கிறார்.

மர்ரி 1916-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்த கறுப்பின எழுத்தாளர். மொபைல் நகரத்துக்குப் பக்கத்தில் மேகஸின் பாயிண்ட் என்ற இடத்தில், வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தார். டஸ்கீகீ கல்லூரியில் அவருக்கு சீனியர், பின்னாளில் 'இன்விசிபிள் மேன்' நாவலை எழுதிய ரால்ஃப் எலிசன். லைப்ரரியில் மர்ரி எடுக்கிற நல்ல புத்தகங்களின் கார்டில் எலிசன் பெயர் ஏற்கெனவே இருக்குமாம். 1939-ல் பட்டம், 1943-ல் ராணுவ விமானப் படை, 1962-ல் மேஜராக ஓய்வு. அப்புறம் மனைவி, மகளோடு நியூயார்க்கின் ஹார்லெமுக்குக் குடிவந்தார். 132-வது தெரு, எட்டாவது மாடி. 2013-ல், 97 வயசில் இறக்கும்வரை அங்கேயேதான்.

முதல் புத்தகம் 'தி ஆம்னி-அமெரிக்கன்ஸ்' வந்தது 1970-ல். அப்போது அவருக்கு வயசு 54. முப்பது வயசு நெருங்குதேன்னு பதறுறவங்க இந்த எண்ணைக் குறிச்சு வெச்சுக்கலாம்.

அந்தப் புத்தகம் ஏன் அவ்வளவு சூடாக இருந்தது? 1965-ல் அமெரிக்கத் தொழிலாளர் துறையில் இருந்த டேனியல் பேட்ரிக் மோய்னிஹன், கறுப்பினக் குடும்பங்கள் பற்றி ஒரு அறிக்கை எழுதினார். வேலையின்மை, தந்தை இல்லாத வீடுகள், அரசு உதவித்தொகை என்று பக்கத்துக்குப் பக்கம் புள்ளிவிவரம். அதே வருஷம் கென்னத் கிளார்க் என்ற உளவியலாளர் ஹார்லெம் பற்றி 'டார்க் கெட்டோ' எழுதினார். கிளார்க்கும் கறுப்பினத்தவர்தான். இரண்டு பேருமே உதவி செய்ய நினைத்தவர்கள். ஆனால் இரண்டையும் படித்து முடித்தால் மனசில் நிற்கிற படம் ஒன்றுதான்: ஹார்லெம் ஒரு நோய், அங்கே இருப்பவர்கள் நோயாளிகள்.

மர்ரி கேட்டது ஒரு எளிய கேள்வி. அவ்வளவு நோய்பிடித்த ஜனங்களிடமிருந்தா டியூக் எலிங்டனும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் வந்தார்கள்? உலகமே ஆடுகிற இசை, அந்தப் பேச்சு, உடுத்துகிற நேர்த்தி எல்லாம் எந்தப் புள்ளிவிவர அட்டவணையில் இருக்கிறது?

அவர் பதிலைத் தேடியது தெருவில். ஓவியர் ரோமாரே பியர்டன் அவருக்கு நெருங்கிய நண்பர். மர்ரி வீட்டு பால்கனியிலிருந்து லெனாக்ஸ் அவென்யூவைப் பார்த்து பியர்டன் உருவாக்கிய கொலாஜ்தான் 'தி பிளாக்', 1971. ஆறு பலகைகள், 18 அடி நீளம். ஒரே ஒரு தெருவரிசை: சர்ச், முடிதிருத்தும் கடை, மளிகைக் கடை, ஒரு சாவு ஊர்வலம், ஜன்னலுக்குள்ளே தெரிகிற குடும்பங்கள். இன்றைக்கு அது மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. யோசிச்சுப் பாருங்க. அறிக்கை பார்த்த அதே ஹார்லெம்தான். பார்த்த இடம்தான் வேற.

இனி ஜாஸுக்கு வருவோம். ப்ளூஸ் என்றால் சோகப் பாட்டு என்று நானும் நினைத்திருந்தேன். 1976-ல் வந்த 'ஸ்டாம்பிங் தி ப்ளூஸ்' புத்தகத்தில் மர்ரி இதைத் தலைகீழாகத் திருப்புகிறார். ப்ளூஸ் என்பது மனசில் வந்து உட்காருகிற ஒரு பீடை. ப்ளூஸ் இசை அதை மிதித்து விரட்டுவது. சனிக்கிழமை ராத்திரி ஜனங்கள் நல்ல உடுப்பு உடுத்தி ஆடப் போவது அழுவதற்கு இல்லை, பீடையை விரட்டத்தான்.

அவருக்கு ரொம்பப் பிடித்த விஷயம் 'பிரேக்'. ஒரு ப்ளூஸ் சுற்றில் பொதுவாக 12 பார், ஒவ்வொன்றிலும் நாலு தட்டு. டிரம்ஸ், பேஸ், பியானோ எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று எல்லாமே நின்றுவிடும். இரண்டு பார், சில சமயம் நாலு பார். தாளம் பிடிக்க ஆள் இல்லை. தனியாக நிற்கிற கலைஞன் தாளத்தைத் தலைக்குள்ள வைத்துக்கொண்டு, அந்த நொடியில் புதிதாக ஒன்றை வாசித்து, சரியான தட்டில் வந்து இறங்க வேண்டும். மர்ரிக்கு இது வெறும் இசை உத்தி இல்லை. வாழ்க்கையில் கால் வைத்த தரை காணாமல் போகும்போது என்ன செய்வது என்பதற்கான பயிற்சி. அந்த ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருந்த பயிற்சி.

58 வயசில் அவருடைய முதல் நாவல், 'டிரெய்ன் விசில் கிட்டார்'. ஸ்கூட்டர் என்ற சிறுவன், ஊரைச் சுற்றும் ரயில்கள், கிட்டார்காரன் லூசானா சாலி. சிறுவன் சரக்கு ரயிலேறி ஓடிப்போகப் பார்க்கிறான். அவனைத் திருப்பிக் கூட்டிவந்து ஸ்கூலுக்குப் போகச் சொல்வதே அந்த நாடோடிதான். ஸ்கூட்டர் கதையின் நாலாவது நாவல் 2005-ல் வந்தபோது மர்ரிக்கு 89 வயசு. நடுவில் கவுன்ட் பேஸியின் சுயசரிதையை அவரோடு சேர்ந்து எழுதினார், ஜாஸ் அட் லிங்கன் சென்டர் உருவாகவும் துணை நின்றார்.

மர்ரியோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. 1964 ஜூலையில், ஒரு போலீஸ்காரர் 15 வயசு கறுப்பினச் சிறுவனைச் சுட்டுக் கொன்றதும் ஹார்லெம் ஆறு ராத்திரி கொந்தளித்தது. அந்த வலியை எவ்வளவு அழகான இசையாலும் ஈடுகட்ட முடியாது. எண்களும் வேண்டும். யாருக்கு வேலை கிடைக்கவில்லை, யார் வீடு இடிந்துகிடக்கிறது என்று எண்ணிச் சொல்லாவிட்டால் அரசாங்கம் அசையாது. ஆனால் எண்ணியதோடு அந்த ஜனங்களைத் தெரிந்துகொண்டோம் என்று நினைத்தால், அங்கேதான் மர்ரி ஜெயிக்கிறார்.

என் மேப் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பெருசா எதையும் மாத்திடலை. ரிவ்யூ மீட்டிங்கில் ஒரு கேள்வி கேட்டேன்: கட்டத் தவறினவங்களை எண்ணுறோம், முழுசா கட்டி முடிச்சவங்களை ஏன் எண்ணலை? கொஞ்ச நேரம் யாரும் பேசலை. இப்போ அதுக்கும் ஒரு காலம் இருக்கு. எங்க பின்கோடு இன்னமும் சிவப்புதான், கொஞ்சம் வெளிறின சிவப்பு.

இந்த வாரம் ஒரு வேலை தர்றேன். லூயி ஆம்ஸ்ட்ராங் 1927-ல் பதிவு செய்த 'பொட்டேட்டோ ஹெட் ப்ளூஸ்' கேளுங்க. ஒரு கட்டத்துல மொத்த பேண்டும் ஒதுங்கி, இரண்டு பாருக்கு ஒரு தட்டு மட்டும் வைக்கும். நடுவுல அத்தனை வெற்றிடத்திலும் ஆம்ஸ்ட்ராங் மட்டும் தனியா வாசிப்பார். ஹெட்போன் போட்டு, அந்த இடத்தை மட்டும் ரெண்டு தடவை கேளுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.