நரம்பு ஏன் சுருள்கிறது?

எங்க பாடாலூர் பக்கம் தூண்டில் போடுறவங்க கடையில் நைலான் இழை என்று கேட்க மாட்டார்கள். "நரம்பு" என்றுதான் கேட்பார்கள். போன மழைக்குச் சுற்றி வைத்த நரம்பை இந்த மழைக்கு எடுத்துப் பிரித்தால் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு நிற்கும். வீசினால் தூரம் போகாது. மீன் இழுத்தாலும் முதலில் சுருள்தான் நீளும், தக்கை அசைவது பிந்தும். "இது வீணாப்போச்சு" என்று அறுத்துக் கரையிலேயே போட்டுவிடுவார்கள். உண்மையில் அது வீணாகவில்லை. இந்தச் சுருளுக்குப் பழைய வரலாறு ஒன்று இருக்கிறது.

நைலான் வருவதற்கு முன், முள்ளுக்குப் பக்கத்தில் கட்டும் கண்ணுக்குத் தெரியாத இழையை ஐரோப்பியர்கள் பட்டுப்புழுவிலிருந்து எடுத்தார்கள். கூடு கட்டத் தயாரான புழுவை வினிகரில் ஊறப்போட்டு, அதன் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டிக் காயவைப்பார்கள். ஸ்பெயினின் முர்சியா பகுதி இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. மதராஸ் ஆட்சிப்பணியில் இருந்த எச். எஸ். தாமஸ் 1873-இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றியும், 1887-இல் நம்ம ஏரி, குளங்களில் தூண்டில் போடுவது பற்றியும் புத்தகங்கள் எழுதினார். அந்தக் காலத்துத் துரைமார்கள் கையில் இருந்தது இந்தப் புழு நரம்புதான். காய்ந்தால் சுருளும், மடக்கினால் முறியும். அதனால் ஈரத்துணி வைத்த தகர டப்பாவில் போட்டு, ஊறி நிமிர்ந்த பிறகுதான் கட்டுவார்கள்.

1935-இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு நைலானை உருவாக்கியது. 1938-இல் அது முதலில் கடைக்கு வந்தது பல் துலக்கும் பிரஷ்ஷின் முள்ளாக. அதே ஒற்றை இழையை நீளமாக இழுத்தால் தூண்டில் நரம்பு! இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு புழு நரம்பை அது கொஞ்சம் கொஞ்சமாக ஓரங்கட்டியது.

பொருள் மாறினாலும் வைத்தியம் மாறவில்லை. நைலானின் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டிருக்கும். சின்ன வட்டத்தில் பல மாதம் சுற்றிக் கிடந்தால் அந்த வளைவிலேயே அவை பழகிவிடும். தண்ணீர் உள்ளே புகுந்தால் பிடி தளரும். நைலான் தண்ணீர் குடிக்கும் பிளாஸ்டிக் என்பது பலருக்குத் தெரியாது.

ஆகவே, அரை மணி நேரம் சாதாரணத் தண்ணீரில் ஊறவையுங்கள். ஒரு முனையை மரத்தில் கட்டி, மெதுவாக இழுத்துச் சில நொடி பிடியுங்கள். ஈரத்துணியால் ஒருமுறை உருவிவிடுங்கள். கொதிநீர் வேண்டாம், இழை பலம் குறையலாம். அடுத்த மழை வரைக்கும் பெரிய வட்டமாக, தளர்வாகச் சுற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் நைலானை அரித்துவிடும். தொட்டால் சொரசொரப்பாக இருக்கிற, முடிச்சுப் போட்டால் பட்டென்று அறுகிற நரம்பு மட்டும்தான் உண்மையிலேயே தூக்கிப்போட வேண்டியது.

அதையும் கரையில் போடாதீர்கள். புழு நரம்பும் பருத்திக் கயிறும் மக்கிப் போகும். நைலான் பல காலம் கிடக்கும். சுருண்டு கிடக்கிற நரம்பு பறவைக் காலுக்குச் சுருக்குக் கயிறு மாதிரி. நம்ம அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிக்கு இமயம் தாண்டி வரித்தலை வாத்து வருகிறது. 2024-இல் அந்த ஏரிக்கு ராம்சர் அங்கீகாரமும் கிடைத்தது. அவ்வளவு தூரம் பறந்து வருகிற பறவை, நாம் அறுத்துப் போட்ட ஒரு முழ நரம்பில் மாட்டிக்கொள்ளக் கூடாது. பழைய நரம்பைத் துண்டு துண்டாக நறுக்கி, காகிதத்தில் மடித்து வீட்டுக்கு எடுத்துவாருங்கள்.