நீதிபதிக்கு முன் ஒரு பத்திரிகைக்காரர்

நாகர்கோவில் பஸ்ஸில் வந்து திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்குகிறவர்கள் எதிரே இருக்கும் ரயில் நிலையத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அது திறந்தது 1931-ல். அதே ஆண்டு திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சட்டசபையான ஸ்ரீமூலம் பிரஜா சபையின் தேர்தலுக்கு நின்ற ஒரு பெண், போட்டியாளர்களிடமும் பத்திரிகைகளிடமும் வசவு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் அன்னா சாண்டி. 1959 பிப்ரவரி 9-ம் தேதி கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானவர், இந்தியாவில் அப்பதவிக்கு வந்த முதல் பெண் என்று பொது அறிவுப் புத்தகங்கள் ஒரு வரியில் அவரை முடித்துவிடுகின்றன. அந்த ஒரு வரிதான் அவரை மறைக்கிறது என்பது என் கட்சி. அவர் செய்த பெரிய காரியங்கள் நீதிபதி நாற்காலிக்கு முந்தையவை. அவற்றைப் பேனாவாலும் மேடைப் பேச்சாலும் செய்தார்.

1926-ல் சட்டப் பட்டம் பெற்றார். திருவிதாங்கூரில் அதைப் பெற்ற முதல் பெண் அவர். 1930-ல் ‘ஸ்ரீமதி’ என்ற மலையாளப் பத்திரிகையைத் தொடங்கி அவரே ஆசிரியராக இருந்தார். படித்த வீட்டுப் பெண்களுக்கான பத்திரிகைதானே என்று ஒதுக்கிவிட முடியாது. விதவை மறுமணத்தோடு வயல் வேலை செய்யும் பெண்களின் கூலியையும் அவர் எழுப்பினார். அதற்கும் முன்பு, 1920களின் கடைசியில், பெண்களுக்கு அரசு வேலை கொடுத்தால் குடும்பம் கெடும் என்று திருவிதாங்கூர் அறிஞர் டி.கே. வேலுப்பிள்ளை பேசினார். அன்னா அதற்குச் சொன்ன பதில் இன்றும் படிக்கச் சுவையானது. எதிராளியை ஒரு வழக்கின் மனுதாரராகவே ஆக்கிவிட்டார். அடுக்களையை விட்டுப் பெண்கள் வெளியே வராதபடி உடனே தடையாணை வேண்டும் என்பதுதான் அவர் பிரார்த்தனை என்று நையாண்டி செய்து, வாதங்களை ஒவ்வொன்றாக உடைத்தார். சுவாத் பள்ளத்தாக்கின் பஷ்தூன் சிறுமி மலாலா, 2009-ல் பி.பி.சி. உருதுவுக்கு ‘குல் மகாய்’ என்ற புனைபெயரில்தான் எழுத முடிந்தது. அங்கே உயிருக்கே ஆபத்து. அன்னா சொந்தப் பெயரில் எழுதினார். இங்கே குறிவைக்கப்பட்டது அவருடைய மானம். அதையும் தாங்கிக்கொண்டு 1932 முதல் 1934 வரை சபையில் இருந்தார்.

இனி, பலரை நெருடும் விஷயம். திருவிதாங்கூரில் பெண்களுக்குத் தூக்குத் தண்டனை கிடையாது. அந்த விலக்கை அன்னா எதிர்த்தார். மனித உரிமை பேசியவர் பெண்ணுக்கும் தூக்குக் கேட்பதா? தண்டனையையே ஒழிக்கச் சொல்லியிருக்கலாமே என்றால், சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எதற்காக எதிர்த்தார் என்று பார்க்க வேண்டும். குற்றத்துக்கு முழுப் பொறுப்பேற்கத் திராணியில்லாதவள் என்று சட்டம் ஒருத்தியைக் கருணையோடு ஒதுக்கினால், உத்தியோகத்துக்கும் திராணியில்லாதவள் என்று அதே சட்டம் நாளைக்குச் சொல்லும். சலுகையும் அவமதிப்பும் ஒரே வேரில் முளைத்தவை என்று கண்டுகொண்டதால்தான், தனக்குச் சாதகமான சட்டத்தையும் அவர் வேண்டாம் என்றார். இந்த நேர்மை அன்றைய சீர்திருத்தவாதிகளில் பலருக்கு இல்லை. 1935-ல் திருவனந்தபுரத்தில் கூடிய அகில இந்திய மாதர் மாநாட்டில் குடும்பக் கட்டுப்பாட்டு மருத்துவமனைகள் வேண்டும் என்று கேட்டதும் இதே தர்க்கத்தில்தான்: மலையாளிப் பெண்ணுக்குச் சொத்து இருக்கிறது, ஓட்டு இருக்கிறது, தன் உடம்பின் மேல் அதிகாரம் இருக்கிறதா?

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. 1937-ல் அன்னாவை முன்சீப் ஆக்கியது திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் அரசு. மறு ஆண்டே அந்த அரசு ‘மலையாள மனோரமா’வை மூடியது, ஸ்டேட் காங்கிரஸ் கட்சிக்குத் தடை போட்டது. அந்தத் தடையை எதிர்த்து 1938 அக்டோபர் 23-ல் அக்கட்சியின் அக்கம்மா செறியான் இதே தம்பானூரிலிருந்து பெருங்கூட்டத்தைக் கவடியார் அரண்மனைக்கு நடத்திச் சென்று, துப்பாக்கிகளுக்கு நேரே நின்றார். அப்போது அன்னா அரசு ஊழியர். அரசுச் சம்பளம் வாங்குகிறவர் அரசை எதிர்த்து எழுத முடியாது. அந்த இழப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பெண்ணுக்கு உத்தியோகம் வேண்டும் என்று பத்து வருஷம் வாதாடியவர், வந்த உத்தியோகத்தைத் தள்ளியிருந்தால் ஜெயித்திருப்பது வேலுப்பிள்ளையின் கட்சிதான்.

அக்கம்மாவுக்கு வெள்ளயம்பலத்தில் சிலை இருக்கிறது. அன்னாவைச் சந்திக்க அவர் எழுத்துக்குத்தான் போக வேண்டும். 1956 வரை கன்னியாகுமரியும் திருவிதாங்கூர் மண்ணாகவே இருந்ததால், அவர் வாதாடிய சட்டங்கள் நம் பாட்டிகளையும் ஆண்டவை. மலையாளம் வாசிக்கத் தெரிந்த குமரி மாவட்ட வாசகர்கள் 1973-ல் வந்த அவருடைய ‘ஆத்மகதா’வைத் தேடிப் படியுங்கள், வேலுப்பிள்ளைக்குக் கொடுத்த பதிலை அதற்கும் முன்பாக.