ஒரே கறி, இரண்டு அரிசி

1905 டிசம்பர் 5ஆம் தேதி, கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் இருந்தவர்களைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணினார்கள். ஒற்றைப்படை எண் விழுந்தவர்கள் முற்றத்தின் கிழக்கு வார்டுக்கும், இரட்டைப்படை எண் விழுந்தவர்கள் மேற்கு வார்டுக்கும் அனுப்பப்பட்டார்கள். இரு வார்டுகளுக்கும் ஒரே சாப்பாடுதான். அரிசி மட்டும் வேறு. கிழக்கே, அதுவரை போட்டுவந்த சயாம் பச்சரிசி. மேற்கே, இந்தியப் புழுங்கல் அரிசி. சோதனையை வகுத்தவர் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர். பெரிபெரி நோய் கட்டடத்தில்தான் ஒட்டியிருக்கிறதோ என்ற ஐயம் தீர, நடுவில் இரு பிரிவினரையும் வார்டு மாற்றியும் பார்த்தார். 1907இல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டார். பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்களில் அந்நோயால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவர்கள்மீது நடந்த சோதனை இது. மருத்துவ வரலாறு அந்தப் பதினெட்டுப் பேரை எண்ணிக்கையாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது என்பது வேதனைக்குரியது. அவர்கள் உயிரைக் கொடுத்துக் காட்டிய உண்மை, மலாயாத் தமிழரின் சட்டியில் வெகுகாலமாக வெந்துகொண்டிருந்தது.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன், அதை முன்பே கவனித்திருந்தார். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் நின்று நூற்றுக்கணக்கில் மடிந்தபோது, அதே வெயிலிலும் மழையிலும் உழைத்த தமிழர்களைப் பெரிபெரி பெரும்பாலும் தொடவில்லை. வேறுபாடு அரிசியில்தான் என்று அவர் 1907இல் ஒரு பெரிய நூலே எழுதினார். ஆனால் அவர் சொன்ன காரணம் தவறு. பழைய பச்சரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று அவர் நம்பினார். கோலாலம்பூரில் 1900இல் தொடங்கிய மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும், சாலை போடும் ஜாவானியத் தொழிலாளர் 300 பேரிடம் ஆராய்ந்து, தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒரு சத்துதான் காரணம் என்ற பக்கம் ஆய்வைத் திருப்பினார்கள். ‘வைட்டமின்’ என்ற சொல்லே 1912இல்தான் பிறந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பகுதியிலுள்ள அந்தச் சத்து, அதாவது வைட்டமின் பி1, அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கும். கஞ்சி வடித்தாலும் பச்சரிசி அளவுக்கு அது கரைந்து போவதில்லை.

இதில் என் கவனத்தை இழுப்பது, யாரும் பத்தியம் இருக்கவில்லை என்பதுதான். ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டப் போன தமிழர் யாரும் பி1 சத்தைக் கணக்கிட்டு உண்ணவில்லை. ஊரில் அம்மா அவித்த நெல்லின் வாசமும், புழுங்கல் சோறுதான் பசி தாங்கும் என்ற எண்ணமும் அவர்களோடு கப்பலேறி வந்தன. பிராடனின் விளக்கம் தவறாக இருந்தபோதும் அந்தச் சோறு உடலைக் காத்தது. காக்கும் வேலை தட்டுக்கு வருவதற்கு முன்பே, களத்திலும் ஆலையிலும் முடிந்திருந்தது. மன உறுதியைக் கேட்காத ஓர் ஏற்பாடு அது. மாறாக, 1910இல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு வெப்பமண்டல மருத்துவர் மாநாடு தீட்டிய வெள்ளை அரிசியே பெரிபெரிக்குக் காரணம் என்று சுட்டிக்காட்டிய பிறகும், வெள்ளைச் சோற்றுக்குப் பழகிய நாக்குகள் உடனே மாறிவிடவில்லை. அறிவு ஊருக்குள் வந்த வேகத்தில் சுவை மாறாது. ஆரோக்கியமான உணவுப் பழக்கத்தைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் எண்ணிப் பார்க்கவேண்டிய பாடம் இது.

தோட்டத்து வாழ்க்கைக்குப் பொன்முலாம் பூசுகிறாய் என்று ஒருவர் சொன்னால், அது நியாயமான எதிர்ப்பு. 1901இல் மால்கம் வாட்சன் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றபோது மலேரியா அந்த ஊரையும் புதிதாய்த் திறந்த துறைமுகத்தையும் சூறையாடிக்கொண்டிருந்தது. அவர் வடிகால் வெட்டிச் சதுப்பை வற்றச் செய்த பிறகுதான் ஊர் மூச்சுவிட்டது. சுற்றியிருந்த தோட்டங்களின் லயங்களில் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுவும் தமிழர்களை வாரிக்கொண்டு போயின. எந்த அரிசியும் அதைத் தடுக்கவில்லை. மேலும், அந்தப் புழுங்கல் அரிசியைத் தொழிலாளி தானாகத் தேர்ந்தெடுத்தான் என்றும் சொல்லிவிட முடியாது. ரங்கூனிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மூட்டையாக வந்ததைத் தோட்ட நிர்வாகம் அளந்து கொடுத்தது. இரண்டையும் மறுக்காமல் ஏற்கிறேன். இரண்டாவது எதிர்ப்பு என் வாதத்துக்கே துணை நிற்கிறது. பழக்கம் மனிதனுக்குள் மட்டும் இல்லை. கடையில் எந்த மூட்டை இருக்கிறது என்பதிலும் இருக்கிறது.

இன்னொரு எதிர்ப்பு இதைவிடக் கடுமையானது. அன்று காத்த சோறே இன்று கொல்கிறதே என்பது அது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. ஏறத்தாழ மூவரில் ஒருவர். இந்த எண்ணைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. ஆனால் சோற்றை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியில்லை. விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு நின்று, நூற்றுக்கணக்கான மரங்களை நடந்தே வெட்டி, பால் சுமந்தவரின் வயிற்றுக்கு அளந்த சோறு அது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளுக்கு வந்தபோது நடை நின்றது. சோற்றின் அளவு நிற்கவில்லை. அதன்மேல் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் நாளுக்கு மூன்று வேளை சேர்ந்துகொண்டது. 2019 ஜூலை 1 முதல், 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரையுள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. அது ஆலையில் அடைத்து வரும் பானத்துக்குத்தான். கடையில் ஆற்றித் தரும் தேயை அது தொடவில்லை.

அப்படியானால் சோற்றையே விட்டுவிடலாமே என்பவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. சோற்றை அடியோடு தள்ளும் பத்தியம் தீபாவளி வரை தாங்கும், திருமண விருந்து வரை தாங்கும், அங்கே உடையும். உடைந்தவர் தன்னையே நொந்துகொண்டு முன்பைவிட அதிகமாக உண்பார். சுகாதார அமைச்சு சொல்லிவரும் ‘சுக்கு சுக்கு செபாரு’, அதாவது கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ இறைச்சியோ பருப்போ, பாதி காயும் பழமும் என்ற கணக்கு எதையும் விலக்கச் சொல்வதில்லை. அதற்கு நம் வாழையிலையே இடம் கொடுக்கும். அவரைப் பொரியலும் கீரையும் இலையின் மேல் ஓரத்தில் ஒரு கரண்டியாக ஒதுங்கிக் கிடக்க, சோறு நடுவில் மலையாகக் குவிவது இலையின் குற்றமல்ல, பரிமாறும் முறையின் குற்றம். காயை முதலில் இரண்டு கரண்டி வைத்துவிட்டுப் பிறகு சோற்றைக் கேட்டு வைத்தால், உண்பவர் எதையும் துறக்காமலே கணக்கு மாறிவிடும். புழுங்கல் அரிசி நீரிழிவுக்கு மருந்தல்ல. ஆயினும் வெள்ளைப் பச்சரிசியைவிடச் சற்று மெதுவாகச் செரிக்கும். பிரிக்பீல்ட்ஸின் வாழையிலைக் கடைகள் சிலவற்றில் இலை போட்டதும், வெள்ளைச் சோறா, புழுங்கலா என்று இன்றும் கேட்கிறார்கள்.